ஆங்கிலம் ஓடும் இடத்தில் தமிழ் நடக்கிறது: ‘ரன்’ என்ற சொல்லுக்கு எந்த வினையைத் தேர்வது?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் கலைச்சொற்களைப் பற்றியவை மிகக் குறைவு. ‘மைட்டோகாண்ட்ரியா’வுக்கு என்ன எழுதுவது என்று யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை, அகராதியைப் புரட்டினால் ஒரு விடை கிடைத்துவிடும், கிடைக்காவிட்டால் ஒலிபெயர்த்துவிடலாம். திணறடிப்பவை சின்னச் சொற்கள்தான். அவற்றில் முதலிடம், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘ரன்’ என்ற சொல்லுக்கு. அந்த மொழியில் முயலும் ‘ரன்’ ஆகிறது, மூக்கும் ஆகிறது. ஒருவர் நிறுவனத்தை ‘ரன்’ செய்கிறார், இன்னொருவர் கணினி நிரலை. சாலை ஆற்றோரமாகவும், நோய் குடும்பத்துக்குள்ளும், அரசியல்வாதி தேர்தலிலும் ‘ரன்’ ஆகிறார்கள். இத்தனைக்கும் ‘ஓடு’ என்று எழுதிவிட முடியுமா, ‘இயங்கு’ என்பதா, ‘நடத்து’ என்பதா, பேசாமல் ‘ரன்’ என்றே விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி.

இந்தச் சொல் ஆங்கில அகராதிக்காரர்களையே படாதபாடு படுத்தியிருக்கிறது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிகுதியான பொருள்களைக் கொண்டிருந்தது ‘செட்’ என்ற சொல். அதற்கு 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி, அது வினையாக வரும்போது மட்டும் 645 பொருள்கள் உண்டென்று பிரித்துக் காட்டினார். நீராவி எந்திரம், ரயில், தொழிற்சாலை, கணினி என்று புதிதாக வந்த ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகத் தொடங்கியது இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம்.

மூக்கு ‘ரன்’ ஆவது கால்களின் ஓட்டத்திலிருந்து பிறந்த உருவகம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இச்சொல்லின் பழைய வடிவத்துக்குத் தொடக்கத்திலிருந்தே நீர் வழிந்தோடுவது என்ற பொருளும் இருந்தது. உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் நீர் ஒழுகுவதற்கு ‘ரின்னன்’, ஆள் ஓடுவதற்கு ‘ரென்னன்’ என்று இரண்டு வினைகள் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எனவே ‘ரன்’ என்று கண்டதும் முதலில் ‘ஓடு’ என்று எழுதி, அது பொருந்தாதபோது மட்டும் வேறு சொல்லைத் தேடும் பழக்கத்துக்கு வரலாற்றிலும் ஆதாரமில்லை.

நடைமுறையில் நம் முன் ஐந்து தேர்வுகள் இருக்கின்றன: ஓடு–ஓட்டு, நட–நடத்து, இயங்கு–இயக்கு, அந்தந்த இடத்துக்கான தனிச்சொல், கடைசியாக ‘ரன்’ என்ற கடன்சொல்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது தன்வினையா, பிறவினையா என்பதை. ஆங்கிலத்தில் நிரலும் ‘ரன்’ ஆகிறது, நானும் நிரலை ‘ரன்’ செய்கிறேன். சொல்லின் வடிவம் மாறுவதில்லை. தமிழில் அப்படி மூடி மறைக்க முடியாது. தானாக ஓடினால் ஓடு, ஒருவர் ஓடச் செய்தால் ஓட்டு. தானாக நடந்தால் நட, நடக்கச் செய்தால் நடத்து. இயங்கு, இயக்கு என்பதும் அதே வகை. ஆங்கில மூலம் சொல்லாமல் விட்ட ஒரு தகவலை, அதாவது இந்தச் செயலுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை, தமிழ் வாக்கியம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கணினித் திரையில் ‘ஸ்கேன் ரன்னிங்’ என்று ஒரு செய்தி வருகிறது. ஸ்கேன் தானாக ஓடுகிறதா, பயனர் ஓட்டினாரா? இதை முடிவுசெய்யத் தயங்கும் மொழிபெயர்ப்பாளர் உடனே ‘படு’ விகுதியில் போய் ஒளிந்துகொள்கிறார்: ‘ஸ்கேன் இயக்கப்படுகிறது’. தமிழ் மென்பொருள் முகப்புகளில் செயப்பாட்டு வினைகள் மண்டிக் கிடப்பதற்கு இந்தத் தயக்கம் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ‘ஸ்கேன் நடக்கிறது’ என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது, எது ‘ரன்’ ஆகிறது என்பது. உயிருள்ளது, நீர்மம், எந்திரம், அமைப்பு, நேரம், அருவமான ஒன்று என எழுவாயின் வகை மாற மாறத் தமிழ் வினையும் மாறும். பெரும்பாலான பிழைகளை இந்த ஒரு கேள்வியே பிடித்துவிடும் என்பதால் இதை விரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தொனி. அகராதி இரண்டு சொற்களை ஒரே வரிசையில் கொடுத்திருக்கும். ஆனால் ஒன்றில் மரியாதை இருக்கும், மற்றதில் இளக்காரம் இருக்கும், இன்னொன்றில் சலிப்பு இருக்கும். ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இத்தகைய நிறம் அவ்வளவாக இல்லை. அதற்கு ஈடாக நாம் எடுக்கும் தமிழ் வினைகளுக்கு ஏராளமாக உண்டு. மறைமுகச் செலவுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நான்காவது, வாசகர் அந்தச் சொல்லை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பது. கதை படிப்பவர் புரிந்துகொண்டால் போதும். கையேட்டைப் பார்த்துப் பட்டனை அழுத்துபவருக்குப் பட்டனில் உள்ள சொல்லே பக்கத்திலும் இருக்க வேண்டும்.

## ஓடு, ஓட்டு

முதல் பார்வையில் இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது என்றே தோன்றும். ஆறு ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுகிறது, அவர் மனதில் ஏதோ ஓடுகிறது. இவை அனைத்திலும் ஆங்கிலமும் ‘ரன்’ என்றே சொல்லும்; யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. பெயர்ச்சொற்களைப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் கூடுகிறது. நீரோட்டம், ரத்த ஓட்டம், எண்ண ஓட்டம், மின்னோட்டம் ஆகிய நான்கிலும் ஓட்டம் இருக்கிறது. மின்னோட்டத்தைக் குறிக்கும் ‘கரண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘ஓடுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். ‘டிரையல் ரன்’ என்பதற்கு நம்மிடம் ‘வெள்ளோட்டம்’ என்ற அழகான சொல் முன்பே இருக்கிறது. தேருக்கும் கப்பலுக்கும் வழங்கிய அந்தச் சொல்லை ஒரு புதிய மென்பொருளுக்கோ திட்டத்துக்கோ தயங்காமல் பயன்படுத்தலாம். ‘சோதனை ஓட்டம்’ என்று எழுதுவதில் தவறில்லை. வெள்ளோட்டத்தில் உள்ள எதிர்பார்ப்பும் சிறு பதற்றமும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஒட்டிய சொற்களை எல்லா இடத்திலும் நம்பிவிட முடியாது. ‘கண்ணோட்டம்’ என்பதை இன்று ‘பார்வை, கோணம்’ என்ற பொருளில் எழுதுகிறோம். குறளில் அதே சொல் ஓர் அதிகாரத்தின் பெயர், அங்கே அதற்கு இரக்கம், தாட்சண்யம் என்று பொருள். ஓட்டம் என்ற சொல் ஆங்கிலத்தின் துணையில்லாமல் தன் வழியிலும் வெகுதூரம் ஓடியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் ‘ரன்’ என்பதற்கு எழுத்துத் தமிழில் ‘ஓட்டம்’ நிலைத்துவிட்டது. சற்று யோசித்தால் இது வேடிக்கையானது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் 4 ஓட்டம், தரையைத் தொடாமல் தாண்டினால் 6 ஓட்டம்; இரண்டிலும் மட்டையாளர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டத்துக்குள்ளேயே ‘ரன்’ என்பது ஓட்டத்தை விட்டுக் கழன்று வெறும் கணக்கு அலகாகிவிட்டது. தமிழும் அந்தக் கழற்சியை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இனி மறைமுகச் செலவுகள். ‘ஓட்டு’ என்ற பிறவினை, வண்டியை விட்டு இறங்கியதும் தொனி மாறிவிடுகிறது. ‘குடும்பத்தை நடத்துகிறார்’ என்றால் பொறுப்பாக இருக்கிறார். ‘குடும்பத்தை ஓட்டுகிறார்’ என்றால் சிரமப்பட்டு நாளைத் தள்ளுகிறார். பிழைப்பை ஓட்டுவது, காலத்தை ஓட்டுவது, இருக்கிற சம்பளத்தில் மாதத்தை ஓட்டுவது எல்லாவற்றிலும் ஒரு மூச்சு வாங்கல் கேட்கும். ஒரு நிறுவனத்தின் பெருமையைச் சொல்லும் அறிமுகக் குறிப்பில் ‘மூன்று தலைமுறைகளாக இக்குடும்பம் நிறுவனத்தை ஓட்டி வருகிறது’ என்று ஒருமுறை திருத்தத்துக்கு வந்தது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை. படிப்பவருக்கோ, மூன்று தலைமுறையாக ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். போதாக்குறைக்குப் பேச்சு வழக்கில் ஒருவரை ‘ஓட்டுவது’ என்றால் கேலி செய்வது. தேர்தலில் போடுவதும் ‘ஓட்டு’. கூரைமேல் இருப்பது ‘ஓடு’. தலைப்புகளில், சூழல் குறைவாக உள்ள சிறு வரிகளில், இந்த மோதல்கள் சங்கடம் தரும்.

‘ஓடிப்போ’ என்ற கூட்டுவினையையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வீட்டைவிட்டு ‘ரன் அவே’ ஆகும் குழந்தையைப் பற்றிய வாக்கியத்தை ‘அந்தப் பெண் ஓடிப்போய்விட்டாள்’ என்று பெயர்த்தால், தமிழ் வாசகர் மனதில் குழந்தை வராது, காதலன் வருவான். ‘வீட்டைவிட்டு வெளியேறினாள்’ என்பதே பாதுகாப்பானது.

நேரத்தைப் பற்றிய தொடர்களில் ஓடு பாதி உண்மை. ‘நேரம் ஓடுகிறது’ நல்ல தமிழ்தான். ஆனால் அது நேரம் விரைவாகக் கழிகிறது என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘ரன்னிங் அவுட்’ கையிருப்பு குறைவதைச் சொல்கிறது. ஆகவே ‘இனி அதிக நேரமில்லை’, ‘நேரம் குறைந்துகொண்டே வருகிறது’ என்று எழுத வேண்டும். ‘இன் தி லாங் ரன்’ என்பதை ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று எழுதுவதை நான் ஒவ்வொரு முறையும் அடித்துவிடுகிறேன். ‘போகப்போக’, ‘நாளடைவில்’ என்ற சொற்கள் இருக்கும்போது அந்த ஓட்டம் எதற்கு?

ஓடு எப்போது சிறந்த தேர்வு: நீர், வண்டி, கடிகாரம், படம், எண்ணம் ஆகியவை தாமாக நகரும்போது. ஓட்டு எப்போது: வண்டிக்கு, பிறகு, தள்ளாடித் தள்ளாடிப் போகும் எதற்கும், அந்தத் தள்ளாட்டத்தைச் சொல்வதே நோக்கமாக இருந்தால்.

## நட, நடத்து

பள்ளி, கடை, கூட்டம், இதழ், குடும்பம், ஆட்சி ஆகியவற்றை ஆங்கிலம் ஓட்டுகிறது, தமிழ் நடத்துகிறது. ‘கடை எப்படி நடக்கிறது?’, ‘எல்லாம் நல்லபடியாக நடக்கிறது’ என்று கேட்டும் சொல்லியும் பழகிய காதுக்கு, அமைப்புகள் நடப்பதுதான் இயல்பு. அவை ஓடத் தொடங்கினால் ஏதோ அவசரம் என்று பொருள். மேலே சொன்ன மூன்று தலைமுறை நிறுவனத்தை ‘நடத்தி வருகிறது’ என்று மாற்றியதும் வாக்கியம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓட்டம் சிலாகிப்பாகவும் நடை மந்தமாகவும் ஆங்கிலத்தில் ஒலிக்கலாம். தமிழில் நடைக்குத்தான் மதிப்பு அதிகம்: நடத்தை, நடைமுறை, நன்னடை என்று ஒழுங்கைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் நிற்கின்றன.

இதன் மறைமுகச் செலவு எளிதில் கண்ணில் படாது. ‘அவர் ஒரு பள்ளி நடத்துகிறார்’ என்று கேட்டவுடன் பள்ளி அவருடையது என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் பள்ளியை ‘ரன்’ செய்பவர் உரிமையாளராகவும் இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தலைமையாசிரியராகவும் இருக்கலாம். உரிமை யாருடையது என்பது முக்கியமான செய்தியிலோ ஒப்பந்தத்திலோ ‘நிர்வகிக்கிறார்’, ‘பொறுப்பில் இருக்கிறார்’ என்று எழுதுவதே நேர்மை. சட்டம் சார்ந்த ஒரு வரைவில் இந்த ஒரு வினையால் வாடகைதாரர் உரிமையாளர்போல் தோன்றியதைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக அது வரைவுதான்.

செயப்படுபொருள் மனிதர்களாக இருந்தால் இன்னொரு வழுக்கல். ‘அணியை நன்றாக நடத்துகிறார்’ என்றால் திறமையாக நிர்வகிக்கிறாரா, அணியினரிடம் அன்பாக இருக்கிறாரா? நடத்து என்பதற்கு ‘பிறரிடம் நடந்துகொள்’ என்ற பொருளும் இருப்பதால் இரண்டும் சாத்தியம். ‘வழிநடத்து’ என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் குழப்பம் தீரும். எந்திரங்களுக்கு இந்த வினை அறவே ஆகாது. யாரும் மோட்டாரை நடத்துவதில்லை.

## இயங்கு, இயக்கு

அறிவிப்புகளுக்கும் கையேடுகளுக்கும் உரிய வினை இது. ‘சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்’, ‘இந்நிறுவனம் ஐந்து கிளைகளுடன் இயங்கி வருகிறது’, ‘மின்கலத்தில் இயங்கும் கருவி’. நிறமில்லாத, மடிப்புக் கலையாத சொல். அதிகாரப்பூர்வமாக எதையாவது எழுத வேண்டியிருந்தால் கை தானாக இதை நோக்கிப் போகும். எந்திரம், மோட்டார், சேவையகம், நிரல் ஆகியவற்றுக்கு நான் இதையே முதல் தேர்வாக வைக்கிறேன். தன்வினை–பிறவினை இணை தெளிவாக இருப்பதும், இயக்கம், இயக்கி, இயங்குதளம் என்று சொற்கள் கிளைப்பதும் இதன் பலம்.

செலவு என்னவென்றால், இதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி ஏறக்குறையத் தேய்த்துவிட்டோம். ஒரே செயலியின் முகப்பில் ‘ரன்’ என்பதும் ‘இயக்கு’, ‘பிளே’ என்பதும் ‘இயக்கு’, ‘ஆன்’ என்பதும் ‘இயக்கு’ என்று வந்தால், எந்த இயக்கு எதைச் செய்யும் என்று பயனர் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாகனத்தை இயக்குவது ஓட்டுநரா, போக்குவரத்து நிறுவனமா என்பதும் தனியே விளங்காது. ஒரு மென்பொருளுக்கான சொற்பட்டியலைத் தயாரிப்பவர், ‘இயக்கு’ என்பதை ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு ‘ஒலிக்கச் செய்’, ‘ஆன் செய்’ என்று வேறு வழி தேட வேண்டும்.

மனிதர்களும் அமைப்புகளும் வரும்போது இந்த நிறமில்லாத சொல்லுக்குத் திடீரென்று நிறம் வந்துவிடும். ‘கட்சியை நடத்துகிறார்’ என்றால் தலைவர். ‘கட்சியை இயக்குகிறார்’ என்றால் திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்திருப்பவர். ‘யாரோ இவரைப் பின்னாலிருந்து இயக்குகிறார்கள்’ என்ற வழக்கு இருக்கும்வரை, ‘ஷி ரன்ஸ் தி பார்ட்டி’ போன்ற ஒரு சாதாரண வாக்கியத்தை இயக்கு என்று பெயர்ப்பது குற்றச்சாட்டாகிவிடும்.

## அந்தந்த இடத்துக்கான தனிச்சொல்

அதிக உழைப்பைக் கேட்பதும், பெரும்பாலும் சரியான விடையாக இருப்பதும் இந்தத் தேர்வுதான். மூக்கு ஒழுகுகிறது. கண்ணீர் வழிகிறது. துவைத்த துணியில் சாயம் போகிறது. காய்ச்சல் அடிக்கிறது. சாலை ஆற்றை ஒட்டிச் செல்கிறது. மாவு தீர்ந்துவிட்டது. கட்டுரை மூன்றாம் பக்கத்தில் வெளியாகியிருக்கிறது. அச்சத்தில் ரத்தம் உறைகிறது. ஐந்து நாள் ‘ரன்னிங்’ என்பது தொடர்ந்து ஐந்து நாள். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றிலும் ‘ரன்’ இருக்கிறது. தமிழில் எதிலும் ஓட்டம் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. வங்கியின் மீது ‘ரன்’ என்றால், போட்ட பணம் போய்விடுமோ என்ற பீதியில் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. இதற்கு ஒற்றைச் சொல் தேடி நேரத்தை வீணாக்குவதைவிட, முண்டியடித்தார்கள் என்று விரித்து எழுதுவதே மேல்.

தேர்தல் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டிஷ் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழிலும் தேர்தலில் ‘நிற்கிறார்கள்’. செய்தி நடையில் ‘போட்டியிடுகிறார்’ என்று எழுதுகிறோம். அமெரிக்கச் செய்தியைப் பெயர்க்கும் அவசரத்தில் ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிட்டால், பதவி ஆசையில் அலைகிறார் என்ற நையாண்டி வேண்டாமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

‘குடும்பத்தில் ரன் ஆவது’ என்பதற்கு, எது என்பதைப் பார்த்து எழுத வேண்டும். நோயாக இருந்தால் ‘பரம்பரையாக வருகிறது’. இசையோ எழுத்தோ என்றால் ‘ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது’. இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: நோய் ரத்தத்தில் ஊறியிருப்பதாக எழுதினால் மருத்துவக் குறிப்பு நாடக வசனம்போல் ஆகிவிடும்.

மறைமுகச் செலவுகள் இதிலும் உண்டு. மூலத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே ‘ரன்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு விளையாட்டு காட்டியிருந்தால், தனிச்சொற்கள் அந்த விளையாட்டைக் கலைத்துவிடும். பலர் சேர்ந்து செய்யும் பெரிய வேலையில் ஆளுக்கொரு சொல் வந்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்க இன்னொருவர் உட்கார வேண்டியிருக்கும். பழமொழிகளைக் கொண்டு அடைக்கும் ஆசையும் இந்தத் தேர்வின் பக்கத்திலேயே காத்திருக்கிறது. ஆழமான நீர் அமைதியாக ஓடும் என்ற கருத்துடைய ஆங்கிலப் பழமொழிக்கு ‘நிறைகுடம் தளும்பாது’ என்று போடுவது வழக்கம். நம் பழமொழி அறிவுள்ளவரின் அடக்கத்தைப் பாராட்டுகிறது. ஆங்கிலத்தினது, அமைதியான ஆளுக்குள் என்ன இருக்கிறதோ என்ற எச்சரிக்கையாகவும் வரும். ஒரு துப்பறியும் கதையில் சந்தேகத்துக்குரிய நபரைப் பற்றி நிறைகுடம் என்று எழுதினால், வாசகர் அவரைச் சந்தேகப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவார். அத்தகைய இடத்தில் ‘ஊமைக் கோட்டான்’ அருகில் வரும்.

இன்னொரு பக்கம், தமிழ் தன் விருப்பத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுவரும் இடங்களும் இருக்கின்றன. பதற்றத்தில் ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்கிறோம்; அந்த நேரத்தில் ஆங்கிலக்காரர் உறைந்து நிற்பார். ஆங்கில மூலத்தில் ‘ரன்’ இல்லாத வாக்கியத்தில் தமிழில் ‘ஓடு’ வருவது ஒரு நல்ல அறிகுறி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

## ‘ரன்’ என்ற கடன்சொல்

தூய்மை பேசி இதை ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் கடன்சொல்லாகத் தமிழுக்குள் வந்த ‘ரன்’ மிகவும் அடக்கமானது. ஆங்கிலத்தில் அதற்குள்ள நூற்றுக்கணக்கான பொருள்களில் பெரும்பாலும் இரண்டை மட்டுமே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது: கிரிக்கெட் கணக்கு, கணினி நிரல். எவ்வளவு ஆங்கிலம் கலந்து பேசுபவரும் ‘மூக்கு ரன் ஆகிறது’ என்று சொல்வதில்லை. பொருள் இவ்வளவு குறுகியிருப்பதால் துல்லியம் கூடுகிறது. நிரலாளர்கள் தங்களுக்குள் எழுதும் குறிப்புகளில் ‘ரன் பண்ணிப் பார்’ என்பதை எவரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. திரையில் பட்டன் ஆங்கிலத்திலேயே இருந்தால், கையேட்டில் ‘ரன் பட்டனை அழுத்தவும்’ என்று எழுதுவதைத் தவிர வேறு நியாயமான வழியும் இல்லை.

கவனிக்கத்தக்க விஷயம், கடன் வாங்கினாலும் தமிழ் தன் பழைய கேள்வியை விடுவதில்லை. நிரல் ‘ரன் ஆகிறது’; நான் ‘ரன் பண்ணுகிறேன்’. ஆங்கிலத்தில் பிரியாத தன்வினையும் பிறவினையும் ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற இரண்டு துணைவினைகளாக இங்கே பிரிந்துவிடுகின்றன. முடிவுசெய்யும் பொறுப்பிலிருந்து தப்பிக்கக் கடன்சொல்லை நாடுபவருக்கு அது கைகொடுக்காது.

இதிலிருந்து புதுச்சொற்கள் கிளைக்காது என்பதும், தமிழ்ச் சொற்களை மட்டுமே அறிந்த வாசகருக்கு இது வெறும் ஒலி என்பதும் தெரிந்த குறைகள். பொது வாசகருக்கான கட்டுரையிலும் பாடநூலிலும் இதைத் தவிர்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | சிறப்பாகப் பொருந்துவது | வழுக்கும் இடம் | தொனி |
|---|---|---|---|
| ஓடு | நீர், வண்டி, கடிகாரம், படம், எண்ணம் | கெடு முடியும் நேரம், தேர்தல், ‘ஓடிப்போ’ | உயிரோட்டம் |
| ஓட்டு | வண்டி, பிழைப்பு | நிறுவனம், ஆட்சி | சிரமம், சமாளிப்பு |
| நடத்து | பள்ளி, கடை, கூட்டம், இதழ் | உரிமை கேள்விக்குரிய இடம், எந்திரம் | மதிப்பு |
| இயக்கு | எந்திரம், நிரல், போக்குவரத்துச் சேவை | கட்சி, தனிமனிதர் | அதிகாரப்பூர்வம். மனிதர் வந்தால் சூழ்ச்சி |
| தனிச்சொல் | உடல், துணி, சாலை, நோய், மரபுத்தொடர் | சொல் விளையாட்டு, பலர் சேர்ந்த வேலை | இடத்துக்கேற்ப |
| ரன் | கிரிக்கெட், நிரலாளர் குறிப்பு, ஆங்கிலப் பட்டன் | பொது வாசகர், பாடநூல் | பேச்சு நடை |

## மூன்று ‘ரன்’ உள்ள ஒரு வாக்கியம்

துணி துவைக்கும் எந்திரம் ஒன்றின் கையேட்டில் ஒரு வரி இருந்தது. குழாயை ‘ரன்’ செய்யுங்கள், தண்ணீர் தெளிவாக ‘ரன்’ ஆகும்வரை. பிறகு எந்திரத்தை ‘ரன்’ செய்யுங்கள் என்பது அதன் அமைப்பு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த இளைஞர், மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் இப்படி எழுதியிருந்தார்: ‘தண்ணீர் தெளிவாக ஓடும்வரை குழாயை ஓட்டவும், அதன்பின் எந்திரத்தை ஓட்டவும்.’ குழாயை ஓட்டுவது என்றால் என்ன என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது வரைவில் எல்லாவற்றையும் ‘இயக்கு’ என்று மாற்றிக் கொண்டுவந்தார். எந்திரம் சரியாகிவிட்டது, குழாய் மோட்டாராகிவிட்டது.

அப்போதுதான் அளவுகோல்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். குழாயை யார் என்ன செய்கிறார்? பயனர் திறக்கிறார்; ஆகவே பிறவினை, ‘திறந்துவிடு’. தண்ணீர் தானாக வருகிறது; தன்வினை. ஓடுகிறது என்று எழுதலாம், ஆனால் குழாயிலிருந்து தண்ணீர் ‘வருகிறது’ என்பதே வழக்கு. தெளிவு என்பதையும் வினைக்குள் கொண்டுவந்தால் ‘தெளிந்து வரும்வரை’. எந்திரம் பயனரின் கையால் தொடங்குகிறது, அதற்கு இயக்கு. முடிவில் நின்ற வாக்கியம்: ‘குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்து வரும்வரை காத்திருங்கள், பிறகு எந்திரத்தை இயக்குங்கள்.’

அச்சுக்குப் போகும் முன் எந்திரத்தின் படத்தை ஒருமுறை பார்த்தோம். அதன் பட்டனில் ‘ரன்’ என்றும் இல்லை, ‘இயக்கு’ என்றும் இல்லை. ‘ஸ்டார்ட்’ என்றுதான் இருந்தது. எனவே கடைசித் துண்டை ‘பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள்’ என்று மாற்றி அனுப்பினோம்.